கரண்ட் போனாலும் ரேடியோ செட் நிற்கக் கூடாது: யூ.பி.எஸ். வாங்கலாமா?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் இருக்கும் ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்). 100 வாட் எச்.எஃப். (சிற்றலை) செட்டும் 13.8 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையும் வைத்திருக்கிறேன். காலையில் 40 மீட்டர் பேண்டில் ஹாம்கள் கூடிப் பேசும் நெட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கரண்ட் போய்விடுகிறது. பவர் சப்ளையை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போட்டுப் பார்த்தேன். இரைச்சலில் ஒருவர் குரலும் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்கு வைக்கும் யூ.பி.எஸ். வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். இன்வெர்ட்டரில் கேட்ட அதே இரைச்சலை யூ.பி.எஸ்.ஸும் தரும். விலை குறைந்த யூ.பி.எஸ். பெரும்பாலும் படிப்படியான சதுர அலையைத்தான் கொடுக்கிறது. அதன் கூர்மையான விளிம்புகள் 80, 40 மீட்டர் பேண்டுகளில் நன்றாகவே கேட்கும். இன்னொன்று, 600 வி.ஏ. என்று போட்டிருந்தாலும் அது தாங்குவது சுமார் 360 வாட்தான். உங்கள் செட் முழு பவரில் 20 ஆம்பியர் இழுக்கும்போது, பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் 320 வாட்டைத் தாண்டிவிடும். உள்ளே இருக்கும் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு) பேட்டரிக்கு அது கொள்ளாத சுமை.

யோசித்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட், செட்டுக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான். நடுவில் அதை 230 வோல்ட் ஏ.சி. ஆக்கி மறுபடியும் டி.சி. ஆக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பேட்டரியை டி.சி. பக்கத்திலேயே, பவர் சப்ளைக்கும் செட்டுக்கும் நடுவே சேர்த்துவிடுங்கள். இரைச்சலும் வராது, மாறும்போது இடைவெளியும் இருக்காது.

எவ்வளவு பெரிய பேட்டரி? இங்கேதான் பலரும் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் இழுப்பது சுமார் 1 ஆம்பியர். எஸ்.எஸ்.பி.யில் (ஹாம்கள் குரலில் பேசும் முறை) பேசும்போது உச்சத்தில் 20 ஆம்பியர் போனாலும், பேச்சில் இடைவெளிகள் இருப்பதால் சராசரி 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரக் கரண்ட் கட்டில் 6 நிமிடம் நீங்கள் பேசி, மீதி 24 நிமிடம் மற்றவர்களைக் கேட்டால் மொத்தச் செலவு 1.2 ஏ.எச். அவ்வளவுதான்.

அப்படியானால் சின்ன 7 ஏ.எச். பேட்டரியே போதுமே என்று தோன்றும். கொள்ளளவு போதும், வோல்டேஜ்தான் போதாது. அந்த அளவு லெட்-ஆசிட் பேட்டரியில் 20 ஆம்பியர் இழுத்தால் முனையிலேயே 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வயரில் இன்னும் கொஞ்சம் போகும். பெரும்பாலான 100 வாட் செட்டுகள் 13.8 வோல்ட்டிலிருந்து 15 சதவீதம் வரை கூடக் குறையத் தாங்கும், அதாவது குறைந்தது 11.7 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போனால் நீங்கள் அழுத்திப் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் குரல் உடையும், இல்லையென்றால் செட் அணைந்து மறுபடி எழும். எதிரில் இருப்பவர் உங்கள் மைக்கைக் குறை சொல்வார்.

அதனால் லெட்-ஆசிட் என்றால் 26 ஏ.எச். சீல்டு பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 20 ஏ.எச். என் வாக்கு இரண்டாவதற்குத்தான். எடை குறைவு, 20 ஆம்பியர் சுமையிலும் 12.8 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) எத்தனை ஆம்பியர் தொடர்ந்து விடும்? 20 ஆம்பியர் பி.எம்.எஸ். என்றால் 21 ஆம்பியர் இழுக்கும் செட் பி.டி.டி.யை (பேசும்போது அழுத்தும் பட்டன்) அழுத்தியதுமே சப்ளை துண்டாகலாம். 30 இருக்கட்டும். லெட்-ஆசிட்தான் கட்டுப்படியாகும் என்றால் நம்மூர் வெயிலைக் கணக்கில் எடுங்கள். 25 டிகிரிக்கு 13.8 வோல்ட்டில் மிதக்கவிடும் (எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருக்கும்) பேட்டரிக்கு, 35 டிகிரி அறையில் 13.6 போதும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பொதுக்கணக்கு. பீரோ மேலே வைக்காமல் தரையோடு வையுங்கள்.

இணைப்பு விஷயத்துக்கு வருவோம். பேட்டரியை பவர் சப்ளையின் முனைகளில் நேராகப் போட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். காலியான லித்தியம் பேட்டரி, கரண்ட் வந்ததும் சப்ளை கொடுக்கிற அத்தனை ஆம்பியரையும் இழுக்கும். தவிர, சில சப்ளைகளில் வோல்டேஜ் எகிறினால் வெளியீட்டையே ஷார்ட் செய்து செட்டைக் காப்பாற்றும் குரோபார் சர்க்யூட் உண்டு. அது வேலை செய்யும் நேரத்தில் பேட்டரியும் அங்கேயே இருந்தால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

இரண்டு ஷாட்கி டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும், இழப்பு குறைந்த வகை) போதும். சப்ளையின் பாசிட்டிவிலிருந்து ஒன்று, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒன்று, இரண்டின் கேதோடும் (கரண்ட் வெளியேறும் முனை) சேர்ந்து செட்டுக்கு. எந்தப் பக்கம் வோல்டேஜ் அதிகமோ அந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் ஓடும். கரண்ட் போனது செட்டுக்குத் தெரியவே தெரியாது. டையோடில் அரை வோல்ட் இழப்பு, 20 ஆம்பியரில் 10 வாட் சூடு. அதனால் ஹீட்சிங்க் கட்டாயம். பவர் சப்ளையில் திருகு இருந்தால் 14.2 வரை ஏற்றி இழப்பை ஈடுகட்டலாம். டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைத்து, பேட்டரியை அளவாகச் சார்ஜும் செய்யும் ரெடிமேட் பலகைகளும் கிடைக்கின்றன. சாலிடரிங்கில் சிரமம் என்றால் அதையே வாங்குங்கள். டையோடு வழியாகப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது, அதற்குத் தனிச் சார்ஜர் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயரில் கஞ்சத்தனம் கூடாது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் இரண்டு மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் 20 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் போய்விடும். 6 ஸ்கொயரில் அது 0.25. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 30 ஆம்பியர் கார் ஃபியூஸ் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு இருக்கும் 150 ஏ.எச். பேட்டரியிலிருந்தே ஒரு வயர் இழுத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆசைதான். ஆனால் கரண்ட் கட்டில் இன்வெர்ட்டரும் அதே பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதன் இரைச்சல் டி.சி. வயர் வழியாகவே செட்டுக்குள் வந்துவிடும்.

எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியாகச் சிறு செய்திகளை அனுப்பும் டிஜிட்டல் முறை) செய்பவரென்றால் மேலே போட்ட கணக்கு பொருந்தாது. அதில் 15 விநாடிக்கு 12.6 விநாடி முழு பவர் ஓடும், அடுத்த 15 ஓய்வு. 25 வாட்டுக்கு இறக்கிவிடுங்கள். 100 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் எதிர்முனையில் ஒரே ஒரு எஸ் யூனிட்தான் (சிக்னல் மீட்டரில் ஒரு படி) வித்தியாசம், இழுக்கும் கரண்ட்டோ கிட்டத்தட்ட பாதியாகும்.

இதெல்லாம் செய்து முடித்தபின் ஒரு கரண்ட் கட்டில் 40 மீட்டரைக் கேளுங்கள். தெருவில் உள்ள எல்.இ.டி. பல்புகளும் சார்ஜர்களும் ஒருசேர அடங்கியிருக்கும்; வழக்கமான இரைச்சலுக்குக் கீழே இருந்த நிலையங்கள் மேலே வரும். அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்கள் எத்தனை என்பதைப் பொறுத்தது இது, ஆனாலும் பல ஹாம்கள் கரண்ட் கட்டுக்குக் காத்திருப்பது இதற்காகத்தான்.

ஒரே ஒரு சமயம் மட்டும் பேட்டரி இருந்தும் பேசாதீர்கள். சித்திரை மாதத்து மாலை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் கரண்ட் போவது இடியோடுதான். அப்போது செட்டை அணைத்து ஆன்டெனா கேபிளைக் கழற்றி விடுங்கள். நெட்டில் இருப்பவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.