கணினித் திரையில் பார்த்துச் சொன்ன பயாப்ஸி முடிவை நம்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பில் கட்டி இருந்ததால் தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஊசி மூலம் சதை எடுத்தார்கள். பெங்களூருவில் இருக்கும் மருத்துவர் கணினியில் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவு அனுப்பியிருக்கிறார். ஸ்லைடைக் கேட்டால், “இப்போது எல்லாம் டிஜிட்டல், ஸ்லைடு கிடையாது” என்கிறார்கள். படத்தை நம்பி அறுவை சிகிச்சை செய்யலாமா? ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் வெளிநாட்டு நிபுணரின் கருத்தை வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். — வாசகர், அரூர்.

பதில்: திரையில் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக அந்த முடிவைச் சந்தேகிக்க வேண்டாம். சதையை ஃபார்மலினில் (சதை அழுகாமல் காக்கும் மருந்துநீர்) ஊறவைத்து, மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, 3 அல்லது 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவது வரை (இந்தக் கண்ணாடிதான் ஸ்லைடு) எல்லாம் பழைய வேலையேதான். அதன் பிறகு அந்தக் கண்ணாடியை ஸ்கேனர் முழுவதுமாகப் படமெடுக்கிறது என்பது மட்டுமே புதிது. உயர்ந்த பெருக்கத்தில் படத்தின் ஒரு புள்ளிக்கு 0.25 மைக்ரான் வீதம் பதிவாவதால், 7 மைக்ரான் அகலமுள்ள ஒரு சிவப்பணுவின் குறுக்கே மட்டும் ஏறக்குறைய 28 புள்ளிகள் விழும். முதன்மை நோயறிதலுக்கே இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்துவிட்டது.

ஆனால் “ஸ்லைடு கிடையாது” என்பது உண்மையாக இருக்க முடியாது. எக்ஸ்ரே துறையில் பிலிம் ஒழிந்துபோனதைப் போல இங்கே கண்ணாடி ஒழியவில்லை; கண்ணாடி இல்லாமல் ஸ்கேன் செய்ய எதுவும் இல்லை. ஸ்லைடும் பிளாக்கும் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கின்றன, தேடி எடுத்துத் தர அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பெங்களூரு கித்வாய்க்கோ போனாலும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். எந்த மருந்து வேலை செய்யும் என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 சோதனைகளையும் பிளாக்கிலிருந்துதான் செய்ய முடியும், படத்திலிருந்து முடியாது.

நீங்கள் “ஊசி” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் கவலை. தடித்த ஊசியால் நூல்போல் சதையை வெட்டி எடுத்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிக் கண்ணாடியில் தடவும் எஃப்.என்.ஏ.சி. என்றால் கதை வேறு. அதில் செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் திருகைத் திருகி மேலும் கீழும் தேடுவார். ஒரே மட்டத்தில் எடுத்த படத்தில் அப்படித் தேட இயலாது. பல மட்டங்களில் எடுக்கும் வசதி ஸ்கேனர்களில் உண்டு, ஆனால் நேரமும் கோப்பின் அளவும் பெருகும் என்பதால் பலரும் அதைத் தொடுவதில்லை. அறிக்கையின் தலைப்பைப் பாருங்கள். எஃப்.என்.ஏ.சி. என்று இருந்தால், தடித்த ஊசியில் மறுபடி எடுக்காமல் மார்பை அகற்றச் சம்மதிக்காதீர்கள். தடித்த ஊசிதான், மார்பு எக்ஸ்ரேயான மேமோகிராமும் அதே திசையைக் காட்டுகிறது, அறுவை மருத்துவரின் கைக்குத் தட்டுப்பட்டதும் ஒத்துப்போகிறது என்றால் தயங்க வேண்டாம்.

உண்மையில் தவறு நடப்பது ஸ்கேனருக்கு முன்னால். மார்புச் சதை ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு நோயாளியின் உறவினர் வாய் குறுகிய ஊறுகாய் பாட்டிலில் கட்டியைத் திணித்து, பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் மடியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே போகும்போது மெத்தென்று இருந்தது விறைத்துப்போனதால் பாட்டிலை உடைத்துத்தான் எடுத்தேன். நடுப்பகுதிக்கு மருந்து ஏறவே இல்லை. கூட வந்த படிவத்தில் பெயரைத் தவிர ஒன்றுமில்லை, எந்தப் பக்கத்து மார்பு என்பதுகூட. ஸ்கேனருக்குத் திறப்பு விழா நடத்துகிறார்கள். படிவத்தை நிரப்ப ஆள் போடுவதில்லை.

வாட்ஸ்அப் தரகரை இன்றே கைகழுவுங்கள். முழு ஸ்லைடின் படம் சில நூறு எம்.பி. முதல் ஜி.பி. கணக்கில் வரும், அவர் அனுப்பப்போவது யாரோ ஒருவர் கைப்பேசியில் எடுத்த ஒரு மூலை. புற்று அடுத்த மூலையில் இருந்தால் எந்த நாட்டு நிபுணருக்கும் தெரியாது. பெயரில்லாமல் வரும் அந்தக் கருத்தை வைத்து எந்த மருத்துவரும் கத்தியை எடுக்க மாட்டார். ஆய்வக அறிக்கையில் பேத்தாலஜி (நோயியல்) மேற்படிப்பு முடித்த பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியாகிவிட்டது. உங்கள் பெங்களூரு அறிக்கையிலும் பெயரும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாங்கும்போது ஸ்லைடு, பிளாக், அறிக்கை மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கைக் காரின் முன்கண்ணாடியோரம் வைத்துவிட்டு கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வெயிலில் நிற்காதீர்கள். அது மெழுகு, இளகிவிடும்.