கடலின் மேல் பெய்யும் மழையை ராடர் எப்படி அளக்கிறது?

மழைமானி வைக்க இடமில்லாத கொட்டியாரக் குடாவின் மேல் மார்கழியில் கொட்டும் மழையைத் திருகோணமலைக் கரையிலிருந்தே அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இருவகை அலைகளை அனுப்பும் இருமுனைவாக்க ராடர் இருந்தால் முடியும்.

சாதாரண ராடர், தெறித்துத் திரும்பும் அலையின் வலிமையை மட்டுமே பார்க்கிறது. அவ்வலிமை துளி விட்டத்தின் 6ஆம் அடுக்குக்கேற்பக் கூடுவதால், 2 மி.மீ. துளி ஒன்று 1 மி.மீ. துளிகள் 64க்குச் சமமாகத் தெரியும். அதிலுள்ள நீரோ 8 துளிகளின் அளவுதான். ஆகவே சில பெருந்துளிகளையும் பல சிறுதுளிகளையும் அதனால் பிரித்தறிய முடியாது.

படங்களில் வரைவதுபோல் மழைத்துளி கண்ணீர் வடிவில் விழுவதில்லை. சிறியது உருண்டையாகவே இருக்க, பெரியது காற்றின் தடையால் அடிப்பக்கம் தட்டையாகி, பணிஸ் போல அகன்றுவிடுகிறது. இருமுனைவாக்க ராடரின் கிடையலை, செங்குத்தலை இரண்டின் எதிரொலி வலிமைகளின் விகிதத்தைக் கண்டால் துளியின் பருமன் தெரிந்துவிடும். 1976இல் செலிகா, பிரிங்கி என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த வழி இது.

கனமழைக்கு நான் அதிகம் நம்புவது வேறொன்றை: தட்டையான துளிகளினூடே செல்லும்போது கிடையலை செங்குத்தலையைவிடச் சற்றுப் பிந்துகிறது. கிலோமீற்றருக்கு எத்தனை பாகை பிந்தியது என்பதே மழைவீதத்தைத் தருகிறது. இடையிலுள்ள மழை அலையை நலிவாக்கினாலும், குன்றொன்று கற்றையில் ஒரு பகுதியை மறைத்தாலும் இக்கணக்கு பெரிதாகப் பிசகாது. தூறலில் மட்டும் இந்தப் பிந்தல் அளவீட்டின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும்.