ஐந்து வாரமாகியும் எடை இறங்கவில்லையே என்பவருக்கு

கேள்வி: எனக்கு 41 வயது. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னார். 81 கிலோவில் தொடங்கினேன். தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். சாப்பாட்டின் அளவையும் குறைத்துக்கொண்டேன். முதல் வாரத்திலேயே 1.9 கிலோ இறங்கியது. அதன் பிறகு ஆமை வேகம்தான். நான்காவது வாரக் கடைசியில் 78.0 கிலோ இருந்தேன். ஐந்தாவது வாரம் தசைப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். வாரக் கடைசியில் பார்த்தால் 78.2! வீட்டிலும் வேலையிடத்திலும் ஒருவர்கூட இளைத்திருக்கிறாய் என்று சொல்லவில்லை. மூன்றாவது மாடிக்கு நடுவில் நிற்காமல் ஏற முடிகிறது, அதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் தெரியவில்லை. தினமும் எடை பார்த்துக் குறித்ததை இணைத்திருக்கிறேன். இதைத் தொடர்வதில் பலன் உண்டா?

பதில்: உண்டு. அதற்கான சான்று நீங்கள் அனுப்பிய குறிப்பிலேயே இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

நான்காவது வாரத்தில் நீங்கள் குறித்தவை: 78.4, 78.9, 78.1, 78.6, 79.2, 78.5, 78.0. ஐந்தாவது வாரத்தில்: 78.3, 77.9, 78.6, 78.8, 78.0, 77.7, 78.2. கடைசி எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 200 கிராம் கூடியிருக்கிறது. ஏழு நாள்களையும் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். நான்காவது வாரச் சராசரி 78.5, ஐந்தாவது வாரச் சராசரி 78.2. அதாவது, எடை கூடிவிட்டது என்று நீங்கள் மனமுடைந்த அதே வாரத்தில் சராசரி சுமார் 300 கிராம் இறங்கியிருக்கிறது. உங்களை வருத்தப்படுத்தியது இரண்டு நாள்களின் தற்செயல். நான்காவது வாரம் அதன் மிகக் குறைந்த எண்ணில் முடிந்தது, ஐந்தாவது வாரம் அப்படி முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஒரே உடம்பு ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு. உப்பு தூக்கலாகச் சாப்பிட்டால் மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். குடல் காலியாகாத நாளில் எடை கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பலருக்கு ஒரு கிலோ வரை ஏறும், சிலருக்கு அதற்கு மேலும் ஏறும். எனவே பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரே இரவில் அது உடம்பில் ஏறிவிட முடியாது. காலையில் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால், நேற்று ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர்தான்.

முதல் வாரத்து 1.9 கிலோவும் பெரும்பாலும் தண்ணீர்தான். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம் வருகிறது. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது, ஏனென்றால் இரண்டாவது வாரத்தில் வரும் ஏமாற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன, மொத்தமாக ஏறக்குறைய அரை கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் சில நாள்களில் உடம்பு இந்தச் சேமிப்பில் கைவைக்கிறது, கூடவே தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. போன 1.9 கிலோவும் கொழுப்பாக இருந்திருந்தால், தினமும் 2,000 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய பட்டினி கிடந்தால்தான் அது நடக்கும். ஆக, இரண்டாவது வாரம் முதல் உங்கள் வேகம் குறைந்துவிடவில்லை. கொழுப்பு கரையும் உண்மையான வேகம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. வாரத்துக்கு 300 கிராம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 330 கலோரி பற்றாக்குறை என்று தோராயமாகக் கணக்கு வருகிறது. நடைப்பயிற்சியும் அளவான சாப்பாடுமாக இருப்பவருக்கு இது நல்ல கணக்கு. மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கவும் முடியும்.

அந்த 300 கிராமையும் நான் குறைத்தே சொல்கிறேன் என்று நினைக்கிறேன். காரணம், நீங்கள் புதிதாகச் சேர்த்துக்கொண்ட தசைப் பயிற்சி. பழக்கமில்லாத பயிற்சியைத் தொடங்கியதும் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். மறுநாள் வலிக்கிறதே, அதே சேதம்தான். அதைச் சரிசெய்யத் தசைகளில் தண்ணீர் தேங்கும், சில நாள்களுக்கு எடை கூடுதலாகக் காட்டும். 'கொழுப்பெல்லாம் தசையாக மாறுகிறது' என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். கொழுப்பு தசையாக மாறாது. ஒரு வாரத்தில் எடைக்கருவியில் தெரியும் அளவுக்குத் தசை வளரவும் செய்யாது. ஆனால் பலம் கூடும். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகளின் வேலை: இருக்கிற தசையை இன்னும் நன்றாக வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. போன வாரம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எட்டு முறை எழுந்தீர்கள், இந்த வாரம் பதினொரு முறை எழுகிறீர்கள் என்றால் அது நிஜமான முன்னேற்றம். அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

இப்போது உங்கள் மாடிப்படிக்கு வருகிறேன். 'அதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் தெரியவில்லை' என்று அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். ஐந்து வாரத்துக்கு முன் நடுவில் நின்று மூச்சு வாங்கியவர் இன்று மூன்று மாடி ஏறிவிடுகிறார் என்றால், இதயமும் நுரையீரலும் தசைகளும் சேர்ந்து மாறியிருக்கின்றன. எடைக்கருவிக்கு இது தெரியாது. குறைந்த எடையோ மூட்டுகளுக்கு உடனே தெரியும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைவது தெரியவந்தது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் இரண்டு மாதங்களில் எடையை மட்டுமே நம்பியிருப்பது, ஒரே ஒரு சாட்சியை, அதுவும் அடிக்கடி பேச்சு மாறுகிற சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவது போன்றது. வேறு சாட்சிகளையும் கூப்பிடுங்கள்.

அவற்றில் நான் முதலில் நம்புவது இஞ்ச் டேப்பைத்தான். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அதிகம் கேடு செய்வது வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. நடையும் உணவுக் கட்டுப்பாடும் சேரும்போது அது முன்னதாகவே கரையத் தொடங்குவதுண்டு. ஆனால் சரியாக அளக்க வேண்டும். பாவாடையோ பெல்ட்டோ கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். விலாவைத் தடவிக் கடைசி எலும்பின் அடிப்பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கண்ணாடி முன் நின்று, டேப் தரைக்குக் கிடையாக அந்தப் புள்ளியின் மேல் போகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் முதுகுப் பக்கம் சரிந்திருக்கும். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடிக்கும்போது படியுங்கள். டேப் தோலில் படிந்திருக்க வேண்டும், அழுந்தக் கூடாது. இரண்டு முறை அளந்து சராசரியை எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் கைப்பிழையாகவும் இருக்கலாம், எனவே நான்கு வாரம் கழித்துத்தான் தீர்ப்பு. நெடுநாள் இலக்கு, இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது. 160 சென்டிமீட்டர் உயரமானவருக்கு 80 சென்டிமீட்டர். இன்றே ஓர் அளவை எடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் எடுக்காமல் விட்டுவிட்டோமே என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து நடப்பவர்களுக்கு அது சில வாரங்களில் மெல்லக் குறையும். வழக்கமான பாதையை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறீர்கள், நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, இறுக்கமான ஒரே சட்டை மாதத்துக்கு ஒருமுறை எப்படிப் பொருந்துகிறது, குறட்டை குறைந்திருக்கிறதா, இவையெல்லாம் நல்ல சாட்சிகள். கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும் எடைக்கருவிகளை மட்டும் சேர்க்க மாட்டேன். அவை உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்கிடுகின்றன. குடித்த தண்ணீருக்கு ஏற்ப அந்தக் கணக்கு மாறிவிடும். வியர்வையும் அளவுகோல் ஆகாது. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்று 2014இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, 1.6 கிலோதான் தண்ணீராகிறது. பெரும்பகுதி சத்தமில்லாமல் மூச்சில் போய்விடுகிறது.

யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது, அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் தினமும் பார்க்கும் கண்களுக்கு மெதுவான மாற்றம் பிடிபடாது, உங்கள் கண்ணாடிக்கும் அப்படித்தான். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே உடையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

மற்றவர்கள் பார்க்காததைப் பரிசோதனைகள் பார்க்கும். தொடக்க எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஆகியவை இறங்கத் தொடங்குகின்றன. உங்களுக்கு அது 4 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரம் 150 நிமிடம் உடலுழைப்பும் அதன் இலக்கு. அந்த வழியில் போனவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்துக்கொண்டவர்களைவிட நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 81 கிலோவில் 7 சதவீதம் என்பது 5.7 கிலோ. நீங்கள் ஏறக்குறைய அதில் பாதியை ஐந்து வாரத்தில் கடந்திருக்கிறீர்கள். நடையில் வாரத்துக்கு 280 நிமிடம் என்று அந்த இலக்கைத் தாண்டியே விட்டீர்கள்.

இனி, மனம் தளராமல் இருப்பது பற்றி. உற்சாகம் வந்தால் நடப்போம் என்று காத்திருந்தால் அது வராது. நடந்து, அதன் பலன் கண்ணில் பட்ட பிறகுதான் வரும். ஆகவே உங்கள் கையில் இருப்பதை எண்ணுங்கள். இந்த வாரம் 500 கிராம் குறைய வேண்டும் என்பது உங்கள் கையில் இல்லை. இந்த வாரம் ஆறு நாள் நடப்பேன் என்பது உங்கள் கையில் இருக்கிறது. நடந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு வட்டம் போடுங்கள். முடியாத நாளுக்கு என்று ஒரு குறைந்தபட்சத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், பத்து நிமிடம் போதும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக ஊறுவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரைகூடக் கணக்கு போனது. ஒரு நாள் தவறியவர்களுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் 35ஆவது நாளில் இருக்கிறீர்கள். இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தால் அதில் வியப்பில்லை.

தினமும் எடை பார்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். 13.6 கிலோவுக்குக் குறையாமல் குறைத்து, ஓராண்டுக்கு மேல் அதைக் காத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் பின்தொடர்கிறார்கள். அவர்களில் நான்கில் மூவர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், கருவியைக் கெட்டியான தரையில் வைத்துப் பாருங்கள். எண்ணை எழுதிவிட்டு மறந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை சராசரி போடுங்கள். ஆனால் அந்த எண் உங்கள் நாளையே கெடுக்கிறது என்றால், அல்லது கூடிவிட்டது என்று சாப்பாட்டைத் தவிர்க்கத் தோன்றுகிறது என்றால், கருவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு டேப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமாகக் குறைவதை முன்னேற்றம் என்று எண்ணாதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. கடும் பட்டினி இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். மாதவிடாய் நின்றாலும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றினாலும் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் எடை குறையும்போது மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை மருத்துவரே செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி மூச்சும் திணறினால் அது நான் மேலே சொன்ன சாதாரணத் தண்ணீர் அல்ல. காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னும் நான்கு வாரம் இதே நடை, இதே சாப்பாடு, இதே பயிற்சி. எதையும் மாற்ற வேண்டாம். ஒன்பதாவது வாரச் சராசரியையும் இரண்டு இடுப்பு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள். இரண்டுமே நகராமல் நின்றிருந்தால், ஒரு வாரம் சாப்பிட்டதை அளவோடு எழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கே கூடுகிறது என்று அப்போது தேடுவோம்.