ஜெபித்தும் கோபம் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

"மன்னித்துவிட்டேன்" என்று ஜெபித்த பிறகும், படுத்தவுடன் அதே கோபமும் கவலையும் வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வலியைத் தேவனிடம் சொல்லி முறையிடுவதைத் தாண்டி நேராக மன்னிப்புக்குப் போய்விடுவதுதான் காரணம்.

வேதாகமத்தில் 13-ம் சங்கீதத்தைப் பாருங்கள். மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். நம்பிக்கையும் பாட்டும் கடைசி இரண்டில்தான். அதே வரிசையில் ஜெபியுங்கள். "என் மனக்கஷ்டத்தை நீக்கும்" என்று பொதுவாகச் சொன்னால் மனம் ஒட்டாது. "அண்ணன் எல்லார் முன்னாலும் என்னைப் பொய்யன் என்றார், வலிக்கிறது" என்று பெயரோடு, சொன்ன வார்த்தையோடு சொல்லுங்கள். பிறகு, பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விடுங்கள் (ரோமர் 12:19). கவலைக்கு பிலிப்பியர் 4:6: விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரமும், அதாவது நன்றி சொல்வதும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்று நடந்த ஒரு நல்ல காரியம் போதும்.

கோபம் மறுநாளும் வரும். அது விசுவாசக் குறைவு அல்ல. எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்ட பேதுருவிடம் இயேசு சொன்ன கணக்கே ஏழெழுபதுதரம். ஆனால் உங்களை அடிக்கிற ஒருவரை மன்னிப்பதும் அவரோடு ஒரே வீட்டில் இருப்பதும் வேறு வேறு. அங்கே முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.