பழைய எம்எக்ஸ்-5க்கு எந்த எல்எஸ்டி வாங்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். ஜப்பானிலிருந்து இறக்குமதியான 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் வைத்திருக்கிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5தான், 1.6 லிட்டர். மழை நாளில் ரவுண்டானாவில் திரும்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தால், உள்பக்கப் பின்சக்கரம் பிடியில்லாமல் சுற்றுகிறது. எல்எஸ்டி போடச் சொல்கிறார்கள் (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், அதாவது டிஃப், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் வகை). என்னிடம் 500 பவுண்டுதான் இருக்கிறது. வருடத்துக்கு ஓரிரு முறை டிராக்கிலும் ஓட்டுவேன். தட்டுகள் உரசிப் பிடிக்கும் புது பிளேட் வகையா, பல்சக்கரத்தில் வேலை செய்யும் பழைய டார்சனா, இல்லை இருக்கிற டிஃப்பையே வெல்டிங் செய்துவிடலாமா?

பதில்: காசை எடுக்கும் முன், உங்கள் வண்டியில் ஏற்கெனவே எல்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் விற்ற 1.6 யூனோஸ் வண்டிகள் பலவற்றில் விஸ்கஸ் வகை எல்எஸ்டி பொருத்தியே வந்தது. இரண்டு பின்சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் விஸ்கஸ் இன்னும் வேலை செய்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால், அது சாதாரண டிஃப்பாக இருக்கலாம், அல்லது தேய்ந்துபோன விஸ்கஸாக இருக்கலாம். விஸ்கஸ் டிஃப்புக்குள் தட்டுகளுக்கு இடையே இருக்கும் சிலிகான் திரவம்தான் பிடிப்பைத் தருகிறது. முப்பது வருடத்தில் அது தளர்ந்துவிடும். சீல் வைத்த அமைப்பு என்பதால் சாதாரண கேரேஜில் அதைப் புதுப்பிக்க முடியாது. ஆகவே இரண்டில் எதுவாக இருந்தாலும், மாற்றுவதுதான் வழி. இதே காரணத்துக்காக, மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொரு பழைய விஸ்கஸை வாங்கி வராதீர்கள்.

டயரையும் அதே நேரத்தில் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். பட்டன் இன்னும் ஆழமாக இருந்தாலும், ரப்பர் பத்து வருடப் பழசாக இறுகியிருந்தால் ஈரத்தில் எந்த எல்எஸ்டியும் பெரிதாக உதவாது. முன்பு வைத்திருந்தவர் பின்பக்கம் தடித்த ஆன்டி-ரோல் பார் போட்டிருந்தாலும் உள்சக்கரம் பளுவிழந்து இப்படித்தான் சுற்றும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், என் பரிந்துரை பழைய டார்சன். 1.8 லிட்டர் எஞ்சினோடு வந்த 1994 மாடலிலிருந்து சில வண்டிகளில் மாஸ்டாவே இதைப் போட்டது. முழுக்கப் பல்சக்கரங்களால் வேலை செய்வது, தேயும் தட்டு கிடையாது, தனி எண்ணெய் கேட்காது, சத்தமும் இல்லை. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற வண்டிக்கு இதைவிட நல்லது கிடையாது. இதற்கு ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தூக்கினால், மற்றதற்கும் விசை போகாது. டிராக் ஓரத்துக் கெர்பின் மேல் ஏறி ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது தொல்லை. வருடத்துக்கு இரண்டு நாள் ஓட்டும் உங்களுக்கு அல்ல.

புது பிளேட் வகை டிராக்கில் அருமையாக இருக்கும். ஆனால் அந்த எல்எஸ்டியும் பொருத்தும் கூலியும் சேர்ந்து உங்கள் 500 பவுண்டுக்குள் வராது. தட்டுகள் தேயும், எல்எஸ்டிக்கான தனி எண்ணெய் வேண்டும், கார் பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது கடகடவென்று உறுமும். வெல்டிங் வேண்டவே வேண்டாம். இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட் முறுக்கேறும், ஈரத்தில் பின்பக்கம் சொல்லாமல் நழுவும். பொதுச் சாலையில் ஓட்டும் வண்டிக்கு அதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

இனிதான் காசு வீணாகும் இடம். 1.6 வண்டியின் கிரவுன் வீல் (டிஃப்புக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், 1.8இல் 7 அங்குலம். டார்சனை மட்டும் வாங்கிவந்து உங்கள் டிஃப்புக்குள் வைக்க முடியாது. டிஃப் முழுசாக, இரண்டு ஹாஃப் ஷாஃப்ட், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் தண்டு), இந்த நான்கையும் ஒரே 1.8 வண்டியிலிருந்து செட்டாக வாங்குங்கள். தனித்தனியாகத் தேடி அலைந்தால் செலவு ஏறும். செட்டாகக் கேட்டால் 500ஐ ஒட்டித்தான் விலை சொல்வார்கள், பேரம் பேசியே ஆக வேண்டும். முழு டிஃப் வாங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பினியனையும் (கிரவுன் வீலைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) கிரவுன் வீலையும் புதிதாக இடைவெளி பார்த்துப் பொருத்தும் நுணுக்கமான வேலை மிச்சம். அந்தக் கூலி மட்டுமே உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

விற்பவர் "டார்சன்" என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பின்னால் வந்த சில இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5களில் இருப்பது டோச்சிகி ஃபுஜியின் சூப்பர் எல்எஸ்டி. அதையும் டார்சன் என்றே விற்பார்கள். ஷாஃப்ட் செருகும் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் குறுக்கே ஒரு பின் தெரிந்தால் அது டார்சன் இல்லை, வாங்காதீர்கள். எண்ணெயை வடிக்கச் சொல்லி, டிரெயின் பிளக்கில் இரும்புச் செதில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மைபோல மெல்லிய பொடி இருந்தால் பரவாயில்லை, துண்டு துண்டாக இருந்தால் வேண்டாம்.

உங்கள் 1.6இல் ஃபைனல் டிரைவ் (பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற விகிதம்) 4.3 என்றால், 1.8 டிஃப் பெரும்பாலும் 4.1. மோட்டார்வேயில் எஞ்சின் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும், நல்லதுதான். ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், அது முன்பைவிடச் சுமார் 5 சதவீதம் குறைத்துக் காட்டும். முன்பு 70 மைல் என்று காட்டிய அதே வேகத்துக்கு இனி 67தான் காட்டும். கியர்பாக்ஸில் இருக்கும் ஸ்பீடோ பற்சக்கரத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், வேகக் கேமராவில் சிக்காமல் இருக்கலாம். இன்ஷூரன்ஸ்காரரிடம் மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வண்டி ராம்ப்பில் இருக்கும்போது பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில் பகுதியை (கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பகுதி) தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டிகள் அங்கேதான் துருப்பிடிக்கும். அங்கே ஓட்டை இருந்தால் எல்எஸ்டி காத்திருக்கட்டும், 500 பவுண்டும் முதலில் அதற்கே போக வேண்டும்.

கேள்வி: பழைய உதிரிபாகம் விற்கும் ஒரு யார்டில் தொலைபேசியில் "1.8 டார்சன்" என்று சொன்னதை நம்பி வாங்கினேன். மூன்று வாரம் கழித்து மெக்கானிக் பிரித்துப் பார்த்தால் சாதாரண டிஃப். "யூஸ்டு பாகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். பணம் போனதுதானா?

பதில்: இல்லை. அவர்கள் வியாபாரிகள் என்பதால், பொருள் பழையதாக இருந்தாலும் பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். சொன்ன வர்ணனைக்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். "ரிட்டர்ன் கிடையாது" என்ற பலகையால் இந்த உரிமை போய்விடாது. மூன்று வாரம் ஆகிவிட்டதால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். "பொருளை நிராகரிக்கிறேன்" என்று தெளிவாக எழுதி, பில்லையும் பிரித்த டிஃப்பின் படத்தையும் இணையுங்கள். திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் அவர்களுடையது.

விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். டெபிட் கார்டு என்றால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் கடைசியாக ஒரு எச்சரிக்கைக் கடிதம், அப்புறம் சிறு வழக்கு நீதிமன்றம். தொலைபேசியில் என்ன சொன்னார்கள் என்பது அங்கே முக்கியமாகிவிடும். அதனால் அழைத்த தேதி, பேசியவர் பெயர், அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.