பத்து வயதுப் பொமேரியனை எடுக்கலாமா? முதலில் அதன் வாயைப் பாருங்கள்

கேள்வி: கொக்குவிலில் இருக்கிறோம். அயல்வீட்டுக்காரர் குடும்பமாகக் கனடா போய்விட்டார்கள். அவர்களின் பொமேரியன் பெட்டை இப்போது ஒழுங்கையில் நிற்கிறது, ஆளுக்கு ஆள் சோறு வைக்கிறார்கள். பத்து வயது இருக்கும். வாய் மணக்கிறது, இடைக்கிடை இருமல், நடக்கப் பஞ்சிப்படுகிறது. 68 வயதான அம்மாவுக்கு அதில் சரியான விருப்பம். "கிழட்டு நாய், ஒரு வருடத்தில் செத்தால் அம்மா தாங்கமாட்டா" என்கிறார் அண்ணா. எடுக்கலாமா? அம்மா அடுத்த வருடம் அக்காவிடம் ரொறன்ரோ போனாலும் போவா.

பதில்: எடுக்கலாம். அண்ணாவின் பயம் நியாயம்தான், ஆனால் கணக்குத்தான் பிழை. பத்து வயது என்பது பெரிய சாதி நாய்க்கு முழுக் கிழடு. பொமேரியன் மாதிரிச் சின்னச் சாதிகளோ 12, 14 வயது வரைக்கும், சிலது அதற்கு மேலும் இருக்கும். "வயது போட்டுது, அதுதான் படுத்தே கிடக்குது" என்று என்னிடம் கொண்டுவருகிற சின்ன நாய்களில் கனக்க, பல்லு நோவிலோ உண்ணிக் காய்ச்சலிலோ படுத்துக் கிடப்பவைதான். இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது.

அதனால் முதலில் வாய். நாய் சாந்தமாக இருக்கும்போது மேல் உதட்டை விரலால் தூக்கிப் பின்பக்கத்துக் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள் (உறுமினால் விட்டுவிடுங்கள், டொக்டர் பார்க்கட்டும்). மண்ணிறக் காரை அப்பி, முரசு (ஈறு) சிவந்து, தொட்டால் இரத்தம் கசிந்தால் அந்த மணத்துக்குக் காரணம் அதுதான். சின்ன வாய்க்குள் பற்கள் நெருக்கியடித்து இருப்பதால் இந்தச் சாதிகளுக்கு இது சீக்கிரம் வரும். மயக்கமருந்து கொடுத்துத்தான் காரையை எடுத்து, ஆடுகிற பல்லைப் பிடுங்க வேண்டும், அதற்கு முன் இரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் கட்டாயம். பல்லுப் போனால் எப்படிச் சாப்பிடும் என்று யோசிக்காதீர்கள், நோகிற பல்லோடு சாப்பிடுவதைவிட வெறும் முரசால் அது வடிவாகச் சாப்பிடும்.

முரசின் நிறத்தையும் அப்போதே பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறிப்போய், கூடவே காய்ச்சலும் கடும் நிற மூத்திரமும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும், அன்றைக்கே இரத்தம் சோதியுங்கள். உண்ணிக்கு நாயில் மட்டும் மருந்து போட்டால் போதாது. அது தன் வாழ்க்கையின் பெரும்பகுதியை மதில் வெடிப்பிலும் சாக்குக்கு அடியிலும்தான் கழிக்கிறது, ஆகவே நாய் படுக்கிற இடத்தையும் சேர்த்துத் துப்புரவாக்க வேண்டும்.

இருமல் எனக்கு வாயைவிடக் கவலை. வாத்துக் கத்துகிற மாதிரி வறட்டு இருமல், அதுவும் கழுத்துப் பட்டியை இழுக்கும்போது வந்தால், மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்குவதாக இருக்கலாம், பொமேரியன்களுக்கு இது சகஜம். கழுத்துப் பட்டியைக் கழற்றி மார்புப் பட்டி போட்டால் குறையலாம். மற்றது இதய வால்வு பழுதாவது. நாய் நல்ல நித்திரையில் இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்கு மேலே திரும்பத் திரும்பப் போனால் பிந்தாமல் காட்டுங்கள்.

கருப்பை எடுக்காத பெட்டை என்றால் இன்னொன்று. வேட்கை முடிந்து சில கிழமைக்குள் கண்டபடி தண்ணீர் குடித்து, சாப்பாட்டை வெறுத்து, பின்பக்கம் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், அது உயிராபத்து. சீழ் வெளியே வராமலும் இருக்கும். நாலு கிலோ நாய் ஒரு நாளில் 400 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் காரணம் தேடத்தான் வேண்டும், சிறுநீரகமோ நீரிழிவோகூட இருக்கலாம். கடைசி வேட்கை எப்போது, ஊசி அட்டை எங்கே, வலிப்பு ஏதும் வந்ததா என்று அயல்வீட்டுக்காரரிடம் வட்ஸ்அப்பில் கேளுங்கள். வளர்த்த நாயை ஒழுங்கையில் விட்டுப் போனவர்கள் இதையாவது சொல்லட்டும். அட்டை இல்லாவிட்டால் ஊசியே போடாத நாயாக நினைத்து விசர்நாய்த் தடுப்பூசியிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. ரைல்ஸ் நிலத்தில் கால் வழுக்கும், முழங்கால் சில்லு விலகுகிற சாதி வேறு, நடக்கிற வழியில் தும்புப் பாய் போட்டுவிடுங்கள். சித்திரை வெயிலுக்காக மயிரை மொட்டையடிக்காதீர்கள், சிக்கெடுத்துச் சீவினால் போதும். நடையைக் காலமையும் பொழுதுபட்டும் வையுங்கள். சாப்பாட்டில்தான் யாழ்ப்பாணத்து வீடு கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் போட்ட கறி, சொதி கூடாது, முந்திரிகைப் பழம் (திராட்சை) சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடியது, பந்தலுக்குக் கீழே விழுவதையும் பொறுக்க விடாதீர்கள். உப்புப் புளி இல்லாமல் அவித்த கோழியும் சோறும் தற்காலிகத்துக்குச் சரி, எலும்பு வேண்டாம். நோகுதாக்கும் என்று பனடோல் கொடுக்கவே கூடாது.

முதல் ஓரிரு நாள் சரியாகச் சாப்பிடாமல் மூலைக்குள் கிடக்கலாம். தண்ணீரும் குடிக்காவிட்டால் காட்டுங்கள், மற்றபடி தொந்தரவு பண்ணாமல் விடுங்கள். அம்மாவோடு ஒட்ட இரண்டு மூன்று மாதம்கூட எடுக்கும்.

ரொறன்ரோ விஷயத்தை நாயைக் கொண்டுவர முதல் பேசி முடியுங்கள். அம்மா ஆறு மாதம் போனால் யார் வீட்டில், யார் மருந்து கொடுப்பது? அண்ணா "நான் பார்க்கிறேன்" என்றால் இப்போதிருந்தே வாரத்தில் சில நாள் அவர் கையால் சாப்பாடு வைக்கட்டும். ஒருவரும் பொறுப்பெடுக்காவிட்டால் இந்த நாயை எடுக்காதீர்கள், ஒழுங்கையில் சோறு வைக்கிற மற்றவர்களில் ஒருவருக்குக் கொடுத்து, மருத்துவச் செலவில் நீங்கள் பங்கெடுங்கள்.