கிட்டார் வயர்லெஸ்: வாங்குறதுக்கு முன்னாடி நீங்க கேட்ட கேள்விகள்

கேபிளுக்கு பதிலா கிட்டார்ல ஒரு ட்ரான்ஸ்மிட்டர், ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) பக்கம் ஒரு ரிசீவர் வச்சு சிக்னல காத்துல அனுப்பற வயர்லெஸ் செட்டு பத்தி கேள்வி நெறைய சேந்துபோச்சு, ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணாக்கிட்டேன். பாதிப் பேரு "எது பெஸ்ட்"னு மட்டும் கேட்டிருக்கீங்க. அதுக்கு பதில் சொல்லணும்னா உங்க கிட்டார்ல ஜாக் (கேபிள் சொருகற ஓட்டை) எங்க இருக்கு, கிட்டாருக்கு அடுத்து வர்ற மொத பெடல் (காலால மிதிச்சு சத்தத்த மாத்தற டப்பா) எது, எந்த மாதிரி எடத்துல வாசிக்கிறீங்க, இந்த மூணும் தெரியணும். டப்பாவுல போட்டிருக்கற ரேஞ்ச் நம்பர கடைசியா பாத்தா போதும்.

2.4 கிகா ஹெர்ட்ஸ், 5.8, யூஹெச்எஃப்னு மூணு வகை சொல்றாங்க. எத எடுக்கறது சார்?

முக்காவாசிப் பேருக்கு 2.4 போதும். லைசென்ஸ் வேண்டாம், எந்த நாட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் ஓடும், டிஜிட்டல்ங்கறதால சத்தத்த அமுக்கி விரிக்கிற கம்பேண்டர் வேலை உள்ள கிடையாது. ஆனா அதே பேண்ட்லதான் (அலைவரிசையிலதான்) வைஃபையும் ப்ளூடூத்தும் ஓடுது, அதனால கூட்டம் ஜாஸ்தி. 5.8ல நெரிசல் கொஞ்சம் கம்மி, ஆனா ஆளு குறுக்க வந்தா 2.4 விட சீக்கிரம் விட்டுடும். யூஹெச்எஃப் அலை நீளம் பெருசு, 550 மெகா ஹெர்ட்ஸ்ல பாத்தா அர மீட்டருக்கும் மேல வரும், 2.4ல அது 12 சென்டிமீட்டர் சொச்சம்தான், அதனால யூஹெச்எஃப் ஆளச் சுத்தி வளைஞ்சு நல்லாவே போகும். பெரிய மேடைக்கு இன்னமும் அதத்தான் எடுக்கறாங்க. சிக்கல் என்னன்னா டிவி சேனலுக்கு நடுவுல ஓடுற பேண்ட் அது, நாட்டுக்கு நாடு ரூல் வேற. அமெரிக்காவுல 600 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் பெரும்பகுதிய மொபைல் கம்பெனிகளுக்கு வித்துட்டாங்க, 2020 ஜூலைக்கு அப்புறம் அங்க வயர்லெஸ் மைக்கெல்லாம் ஓட்டக்கூடாது. செகண்ட் ஹேண்ட்ல சீப்பா வர்ற யூஹெச்எஃப் செட்டு பலதும் இந்த மாதிரி செத்துப்போன பேண்ட்ல உள்ளதுதான், ஃப்ரீக்வென்சிய பாக்காம வாங்கிடாதீங்க.

அண்ணே, சவுண்ட் செக்ல சூப்பரா இருந்துச்சு, ஷோ ஆரம்பிச்சு ரெண்டாவது பாட்டுலயே கட் ஆகி கட் ஆகி வருது. செட்டு டூப்ளிகேட்டா?

செட்டு மேல பழி போடாதீங்க. சவுண்ட் செக் அப்ப ஹால் காலி. ஷோ அப்ப முன்னாடி நிக்கிற ஒவ்வொருத்தரும் தண்ணி நெறஞ்ச ஒடம்பு, 2.4 அலைய அப்படியே உறிஞ்சிடும், போதாக்குறைக்கு ஒவ்வொரு பாக்கெட்லயும் ஒரு ஃபோன் வைஃபை தேடிட்டே இருக்கும். ரிசீவர மிக்சர் பக்கத்துல, கூட்டத்துக்குப் பின்னாடி வச்சிருந்தீங்கன்னா அது வேலை செஞ்சாதான் ஆச்சரியம். ரிசீவர் மேடையிலேயே, உங்களுக்கும் அதுக்கும் நடுவுல யாரும் இல்லாத மாதிரி இருக்கணும். பெடல்போர்டுல தரையோட தரையா இருந்தாலும் ஓடும், ஆனா மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தா ஓடாது.

இன்னொண்ணு யாரும் கவனிக்கறதே இல்ல, டிஜிட்டல் மிக்சர ஐபேட்ல ஓட்டறதுக்குன்னு ஒரு வைஃபை ரௌட்டர் வச்சிருப்பாங்க பாருங்க, அது பல எடத்துல மேடையிலேயே, உங்க ரிசீவருக்கு ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கும், அதுவும் 2.4லயே. சவுண்ட் இன்ஜினியர்கிட்ட சொல்லி அத 5 கிகா ஹெர்ட்ஸுக்கு மாத்தச் சொல்லுங்க, இல்ல தள்ளியாவது வைக்கச் சொல்லுங்க. பாதி கம்ப்ளெயின்ட் இதுலயே தீந்துடும்.

அடுத்த தடவ சவுண்ட் செக்ல ஒரே எடத்துல நின்னு வாசிக்காம, ரிசீவருக்கு முதுகக் காட்டிட்டு நடங்க, ட்ரம்ஸ் பின்னாடி போங்க, ட்ரான்ஸ்மிட்டர கையால மூடிப் பாருங்க. அப்ப சிக்னல் லைட் சிவப்புக்கு போச்சுன்னா ஷோவுல கண்டிப்பா கட் ஆகும். டைவர்சிட்டி உள்ள ரிசீவர்னா ரெண்டு ஆன்டெனா, ஒண்ணுல சிக்னல் தேஞ்சா இன்னொண்ணு எடுத்துக்கும், அது இல்லாத, ஜாக்லயே நேரா சொருகற குட்டி ப்ளக் டைப் செட்ட பெரிய மேடைக்கு நான் சொல்லமாட்டேன்.

லேட்டன்சி, அதாவது வாசிச்சதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல உள்ள தாமதம், எவ்வளவு இருந்தா பரவால்ல? என்கிட்ட ஏற்கனவே ப்ளூடூத் ட்ரான்ஸ்மிட்டர் ஒண்ணு இருக்கு, அதையே யூஸ் பண்ணலாமா?

ப்ளூடூத் வேணாம். சாதாரணமா 100 மில்லி செகண்டுக்கு மேல போகும், நீங்க அடிச்சு முடிச்சப்புறம் யாரோ வேற ஆளு வாசிக்கிற மாதிரி இருக்கும். கிட்டாருக்குன்னே செஞ்ச டிஜிட்டல் செட்டுல பெரும்பாலும் 2லேருந்து 6 மில்லி செகண்டுக்குள்ள இருக்கும். சத்தம் காத்துல ஒரு மீட்டர் வர்றதுக்கே கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் ஆகுது, அப்ப ஆம்ப்ல இருந்து ரெண்டடி தள்ளி நிக்கிற கணக்குதான் உங்க 2 மில்லி செகண்ட். தனியா அது ஒரு பிரச்சனையே இல்ல. ஆனா மாடலர் (ஆம்ப் மாதிரியே சத்தம் குடுக்கற டிஜிட்டல் டப்பா), டிஜிட்டல் மிக்சர், அதுக்கப்புறம் காதுல மாட்டற டிஜிட்டல் இன் இயர்னு வரிசையா போட்டா எல்லாம் கூடிக்கூடி 10, 12னு போயிடும், வேகமா பிக் பண்றவங்களுக்கு அங்கதான் கை ஒதைக்கும். அந்த மாதிரி ரிக் வச்சிருந்தா கம்மி லேட்டன்சி செட்டா பாத்து எடுங்க. பாஸ் (Boss) கம்பெனியோட டபிள்யூஎல் 20 மாதிரி 2.3 மில்லி செகண்ட்ல இருக்கறதும் உண்டு.

கேபிள்ல இருந்த டோன் வயர்லெஸ்ல இல்ல, ஒரே ஷார்ப்பா காதக் குத்துது.

வயர்லெஸ் எதையும் சேக்கல, கேபிள் தின்னுட்டு இருந்தத திருப்பிக் குடுத்திருக்கு, அவ்வளவுதான். சாதாரண கேபிள்ல மீட்டருக்கு கிட்டத்தட்ட 100 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும், ஆறு மீட்டர்னா 600, அதுவும் உங்க பிக்கப்புல (கம்பி அதிர்வ சிக்னலா மாத்தற பாகம்) உள்ள சுருளும் சேந்து ட்ரெபிள்ள ஒரு எடத்துல மேடு கட்டி அதுக்கு மேல உள்ளத வெட்டிடும். வருஷக்கணக்கா உங்க காதுக்கு அதுதான் "என் கிட்டார் டோன்". இப்ப ஜாக்லயே பத்து சென்டிமீட்டர்ல சிக்னல் முடிஞ்சுபோறதால அந்த வெட்டு இல்ல. சில செட்டுல கேபிள் சிமுலேஷன்னு சுவிட்ச் இருக்கும், ஆன் பண்ணுங்க. இல்லேன்னா ஆம்ப்ல ட்ரெபிள கொறச்சுட்டு ரெண்டு வாரம் வாசிங்க, பழகிடும். நெறைய பேரு அப்புறம் கேபிளுக்கு போனா "என்னடா கம்பளி போத்தின மாதிரி இருக்கு"ங்கறாங்க.

ப்ரோ என் ஃபஸ் பெடல் வயர்லெஸ் போட்டதுலேருந்து நாசம். வால்யூம கொறச்சா முன்ன க்ளீன் ஆகும், இப்ப ஆகல.

ஃபஸ்ங்கறது சத்தத்த கரகரப்பாக்கற பெடல், உங்களது ஃபஸ் ஃபேஸ்ங்கற பழைய மாடல் டைப் சர்க்யூட்டா இருக்கணும். அந்தப் பழைய டிசைனுக்கு இன்புட் இம்பீடன்ஸ் (உள்ள வர்ற சிக்னலுக்கு காட்டற எதிர்ப்பு) ரொம்ப கம்மி, அது கிட்டார் பிக்கப்பையும் வால்யூம் நாப்பையும் தன்னோட சர்க்யூட்ல ஒரு பாகமா வச்சுக்கும். வால்யூம லேசா கொறச்சா க்ளீன் ஆகறதுக்கு காரணமே அதுதான். வயர்லெஸ் ரிசீவர் ஒரு பஃபர் மாதிரி, வெளிய வர்றது லோ இம்பீடன்ஸ், பிக்கப் எங்க இருக்குன்னே பெடலுக்கு தெரியாது, அதனால கூர்மையா, கரகரன்னு கத்தும். எந்த பிராண்ட் வயர்லெஸ் வாங்கினாலும் இதே கதைதான், அதனால மாத்தி மாத்தி வாங்கி காச கரைக்காதீங்க.

வழி ரெண்டு. ரிசீவருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவுல பிக்கப் சிமுலேட்டர்னு சின்ன டப்பா ஒண்ணு வரும், உள்ள ஒரு சுருள், அது பிக்கப் இருக்கற மாதிரியே ஏமாத்தும். சில புது ஃபஸ்ல இது உள்ளயே இருக்கு. இல்லேன்னா பஃபர் வந்தா கோச்சுக்காத ஃபஸ் எடுத்துக்கலாம், பிக் மஃப் டைப் இதுல எவ்வளவோ தேவலை. ஃபஸ்தான் உங்க மெயின் சவுண்டுன்னா, என் அபிப்ராயம், கேபிள்லயே இருங்க.

ஆக்டிவ் பிக்கப் கிட்டார். ட்ரான்ஸ்மிட்டர் சொருகினா குய்ங்ங்னு மெல்லிசா ஒரு சத்தம்.

ஆக்டிவ்னா கிட்டாருக்குள்ளயே பேட்டரியில ஓடுற ப்ரீஆம்ப் இருக்கும், ட்ரான்ஸ்மிட்டருக்குள்ள இருக்கற டிஜிட்டல் சத்தம் ஜாக் வழியா அதுக்கு கசியுது. ப்ளக் டைப் செட்டு சிலது பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப்ப மட்டும் நெனச்சு செஞ்சது, மேனுவல்ல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அதான் பாஸ் கம்பெனியே டபிள்யூஎல் 20ல கேபிள் சிமுலேஷன் இல்லாத டபிள்யூஎல் 20எல்னு தனியா ஒரு மாடல் விடுறாங்க, ஆக்டிவ் பிக்கப், அகூஸ்டிக் மாதிரி ஆளுங்களுக்கு. வாங்குறப்ப உங்க கிட்டாரையே கடைக்கு எடுத்துட்டுப் போய், ஆம்ப் கெயின் ஏத்தி, கிட்டார் வால்யூம ஜீரோ பண்ணி கேளுங்க, அப்ப தெரிஞ்சிடும். சத்தம் பெடல்போர்டு பக்கம் வருதுன்னா ரிசீவருக்கு பவர் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. எல்லா பெடலுக்கும் ஒரே அடாப்டர்ல மாலை கோத்திருந்தா குய்ங் நிச்சயம், ஐசோலேட்டட் அவுட்புட் (மத்த பெடலோட சேராத தனி பவர் லைன்) ஒண்ணு குடுங்க.

அப்புறம், ஆக்டிவ் கிட்டார்ல ஜாக்ல ஏதாவது சொருகி இருந்தாலே உள்ள 9 வோல்ட் பேட்டரி ஆன்ல இருக்கும். ட்ரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணிட்டோமேன்னு சொருகியே விட்டுட்டு தூங்கினா காலைல அது தீந்துகிட்டு இருக்கும்.

ஸ்ட்ராட் கிட்டாருக்கு ப்ளக் டைப் உள்ள போகுமா? இடுப்புல மாட்டற பெல்ட் பேக் எடுக்கணுமா?

ஸ்ட்ராட் ஜாக் சாய்வா குழிக்குள்ள இருக்கும். ப்ளக் கழுத்து மடங்கி சுத்துற டைப்னா போகும், தடியா நேரா இருக்கறது இடிக்கும். லெஸ் பால் கிட்டார்ல ஜாக் சைடுல இருக்கறதால போகும், ஆனா உக்காந்து வாசிச்சா தொடையில முட்டி ஜாக் நட்டு லூசாகும். பெல்ட் பேக் எல்லா கிட்டாருக்கும் ஒத்துக்கும். அதோட குட்டி கேபிள ஸ்ட்ராப்புக்குள்ள ஒரு சுத்து விட்டு ஜாக்குக்கு கொண்டு போங்க, இழுத்தாலும் பிச்சுக்காது. நின்னு ஆடிட்டே வாசிக்கிறவங்களுக்கு நான் பெல்ட் பேக்தான் சொல்வேன்.

உள்ளயே சார்ஜ் ஆகற பேட்டரியா, ஏஏ செல்லா?

வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு ஷோன்னா சார்ஜ் டைப் சௌகரியம். ஆனா அஞ்சு மணி நேரம்னு போட்டிருந்தா அது புதுசுல, ரெண்டு மூணு வருஷத்துல கொறையும், பல மாடல்ல பேட்டரிய மாத்தவும் முடியாது. நீளமான ப்ரோக்ராம், நடுவுல செத்தா பொழப்பு போச்சுங்கறவங்க ஏஏ பக்கம் போங்க, அரை நிமிஷத்துல மாத்திடலாம்.

மைக்க தொட்டா உதட்டுல ஷாக் அடிக்குது, வயர்லெஸ் போட்டா நிக்குமா?

கிட்டாரும் ஆம்ப்பும் கம்பியால சேந்திருக்காதுங்கறதால உங்க வழியா கரன்ட் ஓட வழி இருக்காது, நிக்கும். 1976 டிசம்பர்ல ஃப்ளோரிடா லேக்லாண்ட்ல கிஸ் பேண்டு கிட்டாரிஸ்ட் ஏஸ் ஃப்ரேலி மேடை கைப்பிடியத் தொட்டு ஷாக் அடிச்சு விழுந்ததுக்கு அப்புறம்தான் அந்த பேண்டே வயர்லெஸுக்கு மாறுச்சு. ஆனா எர்த் சரியில்லாத லைன் அப்படியேதான் இருக்கும், அடுத்து யாராவது ஆம்ப்பையும் மைக்கையும் சேத்து தொட்டா அவங்களுக்கு அடிக்கும். மொதல்ல எலக்ட்ரீஷியன கூப்புடுங்க. ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்போட ம்ம்ங்கற இரைச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அது வயர்லெஸ்லயும் வரும்.

ஒரே ரிசீவருக்கு ரெண்டு கிட்டார் மாத்தி மாத்தி வாசிக்கணும், ரெண்டு ட்ரான்ஸ்மிட்டர் வாங்கலாமா?

செட்டு அத சப்போர்ட் பண்ணுதான்னு பாத்து வாங்குங்க, சிலதுல ஒண்ணோட ஒண்ணு மட்டும்தான் ஜோடி சேரும். ஆனாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஆன்ல இருக்கணும், ரெண்டும் ஆன்னா ஒண்ணையொண்ணு கெடுக்கும். மாத்தறப்ப மொதல்ல ட்யூனர் பெடல மிதிச்சு ம்யூட் பண்ணிட்டு அப்புறம் ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா ஹால் முழுக்க டப்புனு ஒரு வெடி.